நோன்பு நாளில் சுட்ட சோள ரொட்டி

மக்காச்சோளம் என்றால் எங்கள் ஊர்ப் பக்கம் இரண்டே உபயோகம்தான். ஒன்று, கோழித் தீனி. இன்னொன்று, பஸ் ஸ்டாண்டு வாசலில் கரியில் சுட்டு, எலுமிச்சம்பழத்தை மிளகாய்த் தூளில் தொட்டுத் தேய்த்துக் கொடுப்பார்களே, அது. அதை மாவாக்கி இரும்புச் சட்டியில் ரொட்டி சுட்டவன் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டவனும் நான் ஒருவன்தான்.

நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வாலாஜாபாத், திருமுக்கூடல், கூரம் என்று இந்தச் சுற்று வட்டாரத்தில் நான் கத்தாத ஊர் கிடையாது. ‘உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத’ என்று கத்திக் கத்திக் குரலே அப்படி ஆகிவிட்டது. சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். பல நேரம் உண்மையிலேயே சண்டைதான் போட்டுக்கொண்டிருப்பேன், அதை மறைப்பானேன். என் சத்தத்துக்கு ஈடு கொடுக்க வீட்டில் ஒருத்தி இருந்தாள். பிள்ளை குட்டி இல்லை. நானும் அவளும்தான். பங்குனியில் காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வீட்டுக்குத் திரும்பி வந்தது நான் மட்டும்தான்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் ‘உடம்பப் பாத்துக்குங்க’ என்று சொல்லிவிட்டு அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். தனியாக இருப்பது கஷ்டம் என்று சொன்னார்களே தவிர, எதில் கஷ்டம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு மாவில் கஷ்டம் வந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். கிரைண்டரில் ஒரு ஆளுக்கு இட்லி மாவு அரைக்க முடியாது. ஒரு ஆழாக்கு அரிசியைப் போட்டால் கல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், அரிசி சுவரோரம் ஒட்டிக்கொள்ளும். கூடுதலாக அரைத்தாலோ, வாரம் முழுக்க அதையே தின்ன வேண்டும். புளித்துப் பொங்கி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வரும். கடையில் பாக்கெட் மாவு வாங்கினேன். அதுவும் ஒரு குடும்பத்துக்கான பாக்கெட். தேங்காய் வாங்கினால் முழுத் தேங்காய், பூசணிக்காய் வாங்கினால் நாலு பேருக்கான பத்தை. ஒற்றை ஆள் ஒருத்தன் பசியோடு இருப்பான் என்று இந்த உலகத்தில் யாருக்கும் தோன்றவேயில்லை.

அப்படிக் கடுப்பில் இருந்த நாட்களில்தான் போனில் அந்த மனுஷனைப் பார்த்தேன். அமெரிக்காக்காரர், கறுப்பினத்தவர், என் வயதுதான் இருக்கும். தலையில் ஒரு பழைய தொப்பி. சமைத்துக் காட்டுவார். அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. மீதிப் பாதியைக் கையைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். அவர் வீடியோக்களில் இன்னொரு குரல் கேட்டதே இல்லை. பின்னால் ஒரு மேசை தெரியும், அதன் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி. அந்த ஒற்றை நாற்காலியைப் பார்த்துத்தான் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

ஒருநாள் அவர் மக்காச்சோள ரொட்டி சுட்டார். கனமான கறுப்பு இரும்புச் சட்டி, குட்டையான கைப்பிடி. ஊறப் போட வேண்டாம், அரைக்க வேண்டாம், பொங்குவதற்குக் காத்திருக்க வேண்டாம். சோள மாவில் மோரை ஊற்று, உப்புப் போடு, சோடா உப்புப் போடு, கலக்கு, சட்டியில் ஊற்று, அடுப்புக்குள் தள்ளு. அவ்வளவுதான் வேலை. வெந்ததும் வட்டமாகக் கவிழ்த்து, முக்கோணமாக வெட்டி, வெண்ணெய் தடவி, ஒரு துண்டைக் கேமராவைப் பார்த்து நீட்டினார். யாருக்கு நீட்டுகிறார்? எனக்குத்தான் என்று வைத்துக்கொண்டேன். வேறு யாரும் எனக்கு எதையும் நீட்டாத நாள் அது.

அதே மாதிரி ஒரு சட்டி எங்கள் வீட்டிலும் இருந்தது. வைகாசித் திருவிழாக் கடையில் அவள் வாங்கியது. வாங்கி வந்து வடிகஞ்சி ஊற்றி ஊற வைத்தாள், புளி போட்டுத் தேய்த்தாள், வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தோய்த்துத் தடவித் தடவிச் சூடு காட்டினாள். நான் முட்டை ஊற்றலாமா என்று கேட்டதற்கு, “கைய வச்சிடாதீங்க, சட்டியப் பழக்கிக்கினு இருக்கிறேன்” என்றாள். “பழக்குறதுக்கு அதென்ன மாட்டுக் கன்னுக்குட்டியா?” என்று கேட்டேன். “கன்னுக்குட்டிகூடச் சீக்கிரம் பழகும், உங்களப் பழக்கத்தான் எனக்கு முடியல” என்றாள். அவள் வாய்க்கு நான் என்றைக்குமே ஈடு கொடுத்ததில்லை.

சட்டி இருக்கிறது, மாவு வேண்டுமே. கடையில் கேட்டால் காலிஃபிளவர் வறுவலுக்குப் போடும் வெள்ளைக் கார்ன்ஃபிளாரைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். கடைசியில் தீனிக் கடைக்குப் போய் உலர்ந்த மக்காச்சோளம் வாங்கினேன். “எத்தினி கோழிப்பா வச்சிருக்கீங்க?” என்று கடைக்காரர் அக்கறையாக விசாரித்தார். காசைக் கொடுத்துவிட்டு நடந்தேன். அடுத்து மாவு மில்லுக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா தூக்குவாளியில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, “மொளகா அரைக்கிற மிஷின்ல போட்டுத் தர்றேன். கோழிக்குத்தானே, கொஞ்சம் காரமா இருந்தா என்னா?” என்றது.

“கோழி நான்தாம்மா” என்றேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தது. என்ன நினைத்ததோ, மிஷினில் ஒரு கை அரிசியைப் போட்டு ஓட்டித் துடைத்துவிட்டு, ரவைப் பதத்தில் அரைத்துக் கொடுத்தது. மாவு மஞ்சளாக, தூக்கோடு கையில் சுடச்சுட இருந்தது.

முதல் தடவை சட்டியில் எண்ணெய் தடவி மாவை ஊற்றி அடுப்பில் வைத்தேன். தோசைக்குக் கல்லைக் காய வைக்க வேண்டும் என்று தெரிந்த மனுஷன், இதற்கு ஏன் அந்தப் புத்தி வரவில்லை என்று தெரியவில்லை. அடியோடு பிடித்துக்கொண்டது. கரண்டிக் காம்பால் சுரண்டிச் சுரண்டி, அவள் பழக்கிய சட்டியில் கீறல் விழுந்துவிடுமோ என்று பயந்து, தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர் சட்டியையும் கொழுப்பையும் புகை வருகிற வரைக்கும் காய வைத்துவிட்டுத்தான் மாவை ஊற்றுகிறார். அவர் ஊற்றியது பன்றிக் கொழுப்பு. நான் கடலை எண்ணெய் ஊற்றினேன். எண்ணெய் காய்ந்து, மாவை ஊற்றியதும் ‘சொய்ங்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது பாருங்கள்.

அந்தச் சத்தம் கூடம் வரைக்கும் போனது. அவள் போனதிலிருந்து இந்த வீட்டில் சமையலறைச் சத்தம் என்று ஒன்று கேட்டதில்லை. நான் சமைத்தால் குக்கர் விசில் அடிக்கும், அது சத்தத்தில் சேராது. அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, கையில் கரண்டியோடு, குழந்தை மாதிரி அழுதேன். யாரும் இல்லை என்பதால் வாய்விட்டே அழுதேன்.

எங்களிடம் அடுப்பென்றால் கேஸ் அடுப்புதான், உள்ளே தள்ளிச் சுடுகிற அடுப்பெல்லாம் கிடையாது. அதனால் தீயைச் சிம்மில் வைத்து, சட்டியைத் தட்டையான மூடியால் மூடி, மூடிமேல் தணல் போட்டேன். கொல்லையில் கொட்டாங்கச்சியை எரித்து எடுத்த தணல். கீழேயும் சூடு, மேலேயும் சூடு. மேல்பக்கம் லேசாகச் சிவந்து வெடித்து, ரொட்டி நன்றாகவே வந்தது. சும்மா சொல்லக் கூடாது, காரக் குழம்போடு தின்றால் தேவலை. கரகரவென்று இருக்கும், வாய்க்கு வேலை வைக்கும். ஒரு நாள் சுட்டால் மறுநாளும் தாங்கும். தனி ஆளுக்கு ஏற்ற பண்டம் என்று அதையே பிடித்துக்கொண்டேன்.

காரக் குழம்பு வந்தது பக்கத்து வீட்டிலிருந்து. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் இரண்டு தறி. புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கொரு தறியில் உட்கார்ந்து நெய்வார்கள். காலையில் தறிச் சத்தம் கிளம்பினால்தான் எனக்குப் பொழுது விடிந்தது. அந்தத் தறிக்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். என் வீட்டுக்காரியை அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு எப்போதும் கொல்லை மதில் ஓரம்தான் நிற்பாள். இங்கிருந்து ரசம் அங்கே போகும், அங்கிருந்து கீரை இங்கே வரும். இரண்டு பேரும் அப்படி என்னதான் பேசுவார்கள் என்று எனக்குக் கடைசி வரை தெரியாது. என் வீட்டுக்காரி போன பிறகு குழம்பு மட்டும் அவ்வப்போது வரும். மதில் வழியாக அல்ல, வாசல் வழியாக. “குழம்புண்ணே” என்று கொடுத்துவிட்டு, நின்று ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவாள். நானும் என்ன பேசுவேன், ‘முன்னாடி போ’ என்றா சொல்வேன்?

தீபாவளி வந்தது.

எங்கள் தெருவில் தீபாவளி என்றால் தட்டுத் தீபாவளி. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அதிரசம், முறுக்கு, சோமாசு என்று ஒரு தட்டு மேலே துணி போட்டு மூடி வரும். வந்த தட்டை உடனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். தட்டு நம் வீட்டிலேயே இருக்கும். நம் வீட்டுப் பலகாரம் தயாரானதும் அதில் வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். வெறும் தட்டை யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். பண்டிகை முடிந்து ஒரு வாரத்துக்கு எங்கள் சமையலறை மேடை பூராவும் அடுத்தவர் தட்டுதான். “இது யார் வூட்டுத் தட்டு, இந்த நெளிஞ்சது யாருது?” என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். நான் பண்டிகை ஸ்பெஷல் பஸ்ஸில் ஓடிவிட்டு அலுத்துப்போய் வந்து, தட்டைத் தள்ளிவிட்டுத்தான் தண்ணீர்ச் சொம்பு எடுக்க வேண்டியிருக்கும்.

இந்தத் தீபாவளிக்கு முதலில் வந்தது தறிக்காரம்மாதான். கையில் தட்டு. வாசலிலேயே நின்று, “அண்ணே, உங்க பாத்திரம் ஒண்ணு எடுங்க” என்றாள்.

“எதுக்கும்மா? தட்டோட வச்சிட்டுப் போ, அப்பறம் குடுக்கறேன்.”

“இல்லண்ணே, இருக்கட்டும். இதுல கொட்டிட்டு எடுத்துக்கினு போயிடறேன்.”

எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினேன். அதிரசத்தையும் முறுக்கையும் அதில் போட்டுவிட்டு, தட்டையும் துணியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்து எதிர்வீடு. அதே மாதிரி. அடுத்து கோடி வீடு. அதே மாதிரி. எல்லோரும் சொல்லி வைத்துக்கொண்டது போல, ஒரு வீட்டுத் தட்டுகூட என் வீட்டில் தங்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும் வரை பண்டிகை கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, பலகாரம் சுடக் கூடாது. அக்கம்பக்கம்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லாதவனிடம் தட்டை விட்டுவிட்டுப் போய் அவனைச் சங்கடப்படுத்துவானேன் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் எனக்கு எப்படி இருந்தது என்றால், பஸ் பாஸ் வைத்திருக்கிறவனைப் பார்த்து நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்து போவேனே, அப்படி இருந்தது. அவனும் பஸ்ஸில்தான் இருக்கிறான். ஆனால் அவனிடம் கேட்கவும் ஒன்றுமில்லை, கொடுக்கவும் ஒன்றுமில்லை.

டப்பா நிரம்பி வழிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாங்கி வாங்கி வைத்துக்கொள்ள நான் என்ன உண்டியலா? கொடுக்கல் வாங்கல் இல்லாத வீடு ஒரு வீடா? அவள் இருந்தவரை இது வீடு. அவள் போனதும் வெறும் சுவரும் கூரையுமாகப் போய்விட்டதா? ஒரே ஒரு வீடாவது என் கையிலிருந்து ஒரு தட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மனதுக்குள் பிடிவாதம் வந்து உட்கார்ந்துகொண்டது. அது நடந்தால்தான் நான் இங்கே குடியிருக்கிறேன் என்று எனக்கே நம்பிக்கை வரும் போலிருந்தது.

பயணிகளோடு காலம் பூராவும் சட்டம் பேசியவன் நான். இதிலும் சட்டம் பேசிப் பார்த்தேன். கூடாது என்பது எது? எண்ணெய்ச் சட்டி. கூடாது என்பது எது? பலகாரம். ரொட்டி எண்ணெயில் பொரிகிற சாமானா? இல்லை. தீபாவளிக்கு யாராவது மக்காச்சோள ரொட்டி சுடுகிறார்களா? இல்லை. அப்புறம் என்ன? எந்தச் சாஸ்திரத்திலும் இதைத் தடுத்து எழுதியிருக்க முடியாது, எழுதியவர்களுக்கு இது என்னவென்றே தெரிந்திருக்காது.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். தறி ஓடவில்லை, பண்டிகை விடுமுறை. தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. கொல்லையில் கொட்டாங்கச்சியைக் கொளுத்தினேன். அமெரிக்காக்காரர் முட்டை உடைத்து ஊற்றுவார். எந்த வீட்டுக்கும் போகும்படி இருக்க வேண்டுமென்று நான் முட்டையை விட்டுவிட்டு, கெட்டித் தயிர் கூடுதலாகக் கலந்தேன். ஒரு சிட்டிகை சர்க்கரை போடலாமா என்று யோசித்தேன். சர்க்கரை போடக் கூடாது என்று அவர் விரலை ஆட்டிச் சொன்னது ஞாபகம் வந்தது, போடவில்லை. கடலை எண்ணெய் நன்றாகப் புகை வரும்வரை காய்ந்தது. மாவை ஊற்றினேன். சொய்ங். மூடியைப் போட்டு மேலே தணலைப் பரப்பினேன். அலமாரியிலிருந்து அவளுடைய நல்ல தட்டை எடுத்துக் கழுவித் துடைத்து வைத்தேன். மேலே மூடுவதற்குத் துணிகூட எடுத்து வைத்தேன், பூப்போட்ட துணி.

ரொட்டி வேகிற வாசனை வந்தது. பாப்கார்ன் மாதிரியும், அடையின் ஓரம் மாதிரியும் ஒரு வாசனை. கல்யாண வீட்டுக்காரன் போல எனக்கு ஒரே பரபரப்பு. யாருக்கு முதலில்? பக்கத்து வீட்டுக்குத்தான், வேறு யாருக்கு?

நான் போவதற்குள் தறிக்காரம்மாவே வந்துவிட்டாள். கொல்லைக் கதவு படாரென்று திறந்தது. தலைக்குக் குளித்த ஈரம் சொட்ட, முடியில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“அண்ணே! என்ன பண்ணிக்கினு இருக்கீங்க?”

“ஏம்மா, என்னாச்சு?”

“என்னாச்சா? எண்ணெ வாசன சுவரத் தாண்டி வருது. பொக வருது. சட்டி சொய்யுங்குது. அக்கா போயி வருஷங்கூடத் திரும்பல, அதுக்குள்ள எண்ணெச் சட்டி வச்சிட்டீங்களா? கேக்க ஆளில்லன்னா என்ன வேணா பண்ணுவீங்களா?”

கேட்க ஆளில்லை என்ற வார்த்தை சுருக்கென்று தைத்தது. கேட்க ஆளில்லாதவன்தானே நான்! எனக்கு வந்ததே கோபம்.

“எண்ணெச் சட்டியா? எங்க இருக்குது எண்ணெச் சட்டி? வா, வந்து பாரு! உன் கண்ணால பாத்துட்டு அப்பறம் பேசு!” என்று கத்தி, தணலோடு மூடியைத் தூக்கிக் காட்டினேன். தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

அவள் எட்டிப் பார்த்தாள். கறுப்புச் சட்டி நிறைய மஞ்சளாக, நடுவில் லேசாக வெடித்து, வட்டமாக இருந்தது ரொட்டி. ஓரத்தில் எண்ணெய் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

“என்னண்ணே இது, கேக்கா?”

“கேக்கும் இல்ல, பலகாரமும் இல்ல. ரொட்டி. மக்காச்சோள ரொட்டி.”

“கோழிக்குப் போடறதா?”

“ஆமா, கோழிக்குப் போடறதுதான். அமெரிக்காவுல மனுஷங்க தின்றாங்க, நானும் தின்றேன்.”

அவள் கோபம் இறங்கிவிட்டது. புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள், சிரிப்பை அடக்கத்தான். “நீங்களேவா செஞ்சீங்க? தணல்லாம் போட்டு?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அங்கேயே ஒரு முக்கோணம் வெட்டி, நல்ல தட்டில் வைத்து, துணியைப் போட்டு மூடி நீட்டினேன்.

“இந்தாம்மா. வூட்டுக்கு எடுத்துக்கினு போ.”

அவள் ஓர் அடி பின்னால் போனாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். நெருப்பை நீட்டினால் எப்படிப் போவார்களோ அப்படி.

“அண்ணே, இன்னிக்கி நோம்பு.”

“இன்னிக்கா?” என்றேன்.

“அம்மாவாசண்ணே. கேதார கௌரி நோம்பு. கலசம் வச்சாச்சு. காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல. சாமிக்குப் படைக்காம நான் ஒண்ணும் வாயில வைக்க முடியாது. இதை வூட்டுக்கும் எடுத்துக்கினு போக முடியாது. துக்க வூட்டுப் பண்டம் கலசத்துக்கிட்ட வரக் கூடாதுண்ணே. தப்பா நெனச்சிக்காதீங்க.”

சட்டமெல்லாம் பேசிப் பார்த்தவன் நான். எண்ணெய்ச் சட்டியை யோசித்தேன், பலகாரத்தை யோசித்தேன். துக்க வீடு என்பதை யோசிக்கவில்லை. என்ன பண்டமாக இருந்தால் என்ன, சுட்ட அடுப்பு எந்த வீட்டு அடுப்பு?

“சரிம்மா. போயி நோம்பப் பாரு” என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு மெதுவாக ஒரு வார்த்தை வந்து நானே கேட்டதில்லை. அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

தீபாவளிக்கு மறுநாள் நோன்பு என்பது இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? வருஷா வருஷம் என் வீட்டில் நடந்ததுதான். அவள் பட்டினி கிடந்து, அதிரசம் படைத்து, நோன்புக் கயிறு கட்டிக்கொண்டு, நான் டியூட்டி முடிந்து வந்ததும் என் மணிக்கட்டிலும் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிடுவாள். கயிறு கட்டினால்தான் எனக்கு நோன்பு. கட்ட ஆள் இல்லாததால், நாள் வந்ததே எனக்குத் தெரியவில்லை. காலண்டரில் போட்டுத்தான் இருந்தது.

தட்டையும் சட்டியையும் மேடைமேல் வைத்துவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். தெருவில் பெண்கள் நோன்புத் தட்டோடு கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வளையல் சத்தம், பேச்சு, சிரிப்பு. ஒவ்வொரு வாசலிலும் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் வாசலைத் தாண்டும்போது பேச்சு கொஞ்சம் தணிந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

பசித்தது. சாப்பிடப் பிடிக்கவில்லை. அமாவாசை என்று தெரிந்துவிட்டதே, அவளுக்கு ஒரு துண்டு வைப்போம் என்று மதில்மேல் வைத்துவிட்டு, ‘கா கா’ என்று கூப்பிட்டேன். கத்துவதற்குக் கேட்கவா வேண்டும், தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு காக்கையும் வரவில்லை. முதல்நாள் போட்ட வெடிச் சத்தத்தில் ஊரை விட்டே ஓடியிருக்கும்.

“இப்ப என்ன உனக்கு அவசரம்? என்னை இப்படி உட்கார வச்சிட்டுப் போறதுக்கு உனக்கு அப்படி என்ன அவசரம்?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன். பதிலுக்குப் பதில் பேசுகிறவளாயிற்றே. கொஞ்ச நேரம் காத்திருந்துகூடப் பார்த்தேன். அப்புறம் போனை எடுத்து அந்த அமெரிக்காக்காரரைப் போட்டேன். அவர் வழக்கம் போல ஒரு துண்டை என்னைப் பார்த்து நீட்டினார். ஐயா, நீங்களும் இப்படித்தான் நீட்டிக்கொண்டே இருக்கிறீர்கள், வாங்கிக்கொள்ள யாராவது வந்தார்களா என்று கேட்கத் தோன்றியது. போனை அணைத்துவிட்டேன். ரொட்டி சட்டியிலேயே கிடந்தது, நானும் அப்படியே கிடந்தேன்.

அடுத்த நாள் நன்றாக வெயில் ஏறிய பிறகு, கொல்லைக் கதவில் சத்தம் கேட்டது. தறிக்காரம்மா. மணிக்கட்டில் புது நோன்புக் கயிறு. கையில் குழம்புக் கிண்ணம்.

“அண்ணே, அந்த ரொட்டி இருக்குதா?”

“நேத்து சுட்டதும்மா அது. கல்லு மாதிரி ஆயிருக்கும். விடு.”

“இருந்தா என்னா? சூடு பண்ணுங்க.”

“உனக்கு எதுக்கும்மா இந்த வேல? வூட்டுக்கு எடுத்துக்கினு போகக் கூடாதுன்னு நீதானே சொன்ன?” குரல் ஏறிவிட்டது. அடக்கிப் பார்த்தேன், அடங்கவில்லை.

“ஆமா, கூடாது. வருஷம் திரும்பற வரைக்கும் கூடாதுதான்” என்று சொல்லிக்கொண்டே அவள் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே வந்து, சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “இங்க உட்காந்து தின்றதுக்கு யாரக் கேக்கணும்? நோம்பு முடிஞ்சிது. எனக்குப் பசிக்குது.”

நான் அப்படியே நின்றேன். ஒரு ஆள் உட்கார்ந்து காத்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. என் ஆயுளில் நான் ஒருவருக்கும் பரிமாறியதில்லை. அவள்தான், “அடுப்பப் பத்த வைங்கண்ணே, நின்னுக்கினே இருக்கீங்க” என்றாள்.

சட்டியைச் சூடு பண்ணி, துண்டுகளைத் திருப்பிப் போட்டு எடுத்தேன். அந்த நல்ல தட்டில் ஒரு துண்டை வைத்து அவள் முன்னால் வைத்தேன். குழம்பை ஊற்றிப் பிட்டு வாயில் போட்டாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். பரீட்சை எழுதிய பையன் மாதிரி நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நறநறங்குது” என்றாள். “மண்ணுல வுழுந்ததை எடுத்துத் தின்ற மாதிரி இருக்குது.”

“புடிக்கலன்னா வச்சிடு. நானா கூப்பிட்டேன்?”

“புடிக்கலன்னு யார் சொன்னது? சும்மா இருங்க.”

இன்னொரு வாய் பிட்டாள். குழம்பில் நன்றாகத் துடைத்தாள். பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் சொல்கிறாளா தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியாதபடி சொன்னாள்.

“அக்கா போனதிலேர்ந்து நான் யார் வூட்டு அடுப்படியிலயும் உட்காரலண்ணே. தறிய விட்டு எழுந்தா கால் தானா மதிலாண்ட வந்துடுது. வந்து நிப்பேன். அப்பறந்தான் ஞாபகம் வரும். திரும்பிப் போயிடுவேன். எங்க வூட்ல சொன்னா, பைத்தியமா உனக்குன்னு கேக்கறாரு.”

அவள் மதில் ஓரம் வந்து நின்றது எனக்குத் தெரியாது. இத்தனை மாதமாக ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன், அந்தப் பக்கம் அவள் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறாள். என் வீட்டில் மட்டும்தான் ஆள் போய்விட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் தட்டு காலியாகிவிட்டிருந்தது. சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்தேன்.

“போதும்ணே” என்று அவள் தட்டுக்குக் குறுக்கே கையை வைத்தாள்.

போதும் என்றால் விட்டுவிடுவார்களா? கை மறைக்காத ஓரமாகப் பார்த்து வைத்தேன்.